சீவிய தட்டு

கையைச் சரிபண்ணச் சொன்னால் தட்டைச் சரிபண்ணுகிற மனிதர் ஒருவரோடு முப்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்பது போன வருஷம்தான் எனக்கே தெரிந்தது.

அதற்கு முன் தெரிய வழியில்லை. அதுவரை என் வீட்டுக்காரரின் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை. மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் ரப்பர். ஆள் வைக்காமல் அவரே வெட்டுவார். ரப்பர் வெட்டு என்றால் மரத்தை வெட்டிச் சாய்ப்பதில்லை. பட்டையில் சாய்வாக ஒரு கோடு, அந்தக் கோட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் கனத்துக்குச் சீவல், அவ்வளவுதான். ஆழமாகப் போனால் மரத்துக்குப் புண். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த அளவு அவருடைய விரலில் இருந்தது. நான் முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று ஊசி போட்டவள். நான் ஊசி போடுவதைவிட நீங்கள் மரத்தில் கத்தி வைப்பது சுத்தம் என்று ஒரு தடவை என் வாயாலேயே சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு பத்து வருஷம் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

மே மாதம் ஒரு காலையில் பல் தேய்க்கிற பிரஷ் அவர் கையிலிருந்து நழுவியது. எடுத்தார், நழுவியது. மறுபடி எடுத்தார், மறுபடி நழுவியது. "சவம், வழுக்குது" என்று பிரஷ்மேல் பழி போட்டார். இந்த மனிதர் இனிமேல் எல்லாவற்றுக்கும் கையில் இருக்கிற சாமானைத்தான் குற்றம் சொல்லப்போகிறார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைத்தது வேறு. சட்டையைக்கூட மாற்ற விடாமல் வண்டியில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனேன். பக்கவாதம். நேரத்துக்குக் கொண்டுபோனதால் வாய் கோணவில்லை, பேச்சு போகவில்லை. பேச்சாவது கொஞ்ச நாள் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கால் மூன்று வாரத்தில் நிமிர்ந்துவிட்டது. வலது கை மட்டும் தோளிலிருந்து விரல்வரை ஈரத்துணி மாதிரி தொங்கியது.

எங்களுக்கு ஒரே மகன். எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் ரப்பர் கத்தி பிடிக்காமல் தப்பித்த முதல் ஆள் அவன்தான். முதலில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளின் அடியில் நின்று வேலை பார்த்தான். அதற்குப் பிறகு மேலே படித்து, எத்தனையோ கம்பெனிக்கு எழுதிப் போட்டு, கடைசியில் பனி விழுகிற ஒரு நாட்டில் காற்றாலை இறக்கை வடிவமைக்கிற இடத்தில் சேர்ந்தான். அப்பாவுக்கு இப்படி என்றதும் அடுத்த விமானத்தில் வந்து நின்றான். இரண்டு மாதம் கூடவே இருந்து குளிப்பாட்டினான், நடக்கவைத்தான். திரும்பிப் போகிற அன்று வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு அவன் சொன்ன சொல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

"அப்பா, கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கை சரியாவலேன்னா நான் அங்க உள்ள வேலைய விட்டுட்டு வந்துருவேன். சும்மா சொல்லுதேன்னு நெனைக்கப்பிடாது."

"நீ ஒண்ணும் வராண்டாம் மக்ளே" என்றார் இவர். "கிறிஸ்மஸுக்கு நீ வரும்போ நான் மரத்துல நிப்பேன், பாத்துக்கோ."

சொல்ல என்ன, வாய்தான் நன்றாக இருக்கிறதே.

வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள் நான். வாதம் வந்த கைக்கு முதல் ஆறு மாதம்தான் முக்கியம். அதற்குள் வாங்கினதுதான் பெரும்பாலும் நமக்கு மிச்சம். ஆகவே நான் ஒரு அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். காலையில் ரப்பர் பந்தை அமுக்க வேண்டும், பத்து மணிக்குத் துண்டைப் பிழிய வேண்டும், சாயங்காலம் கதவில் கட்டின கப்பிக் கயிற்றை இழுக்க வேண்டும். முதல் வாரம் ஒழுங்காகச் செய்தார். இரண்டாவது வாரம் நான் பார்க்கும்போது மட்டும் செய்தார். மூன்றாவது வாரம் நான் அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தால் பந்து ஒரு மூலையிலும் இவர் ஒரு மூலையிலும் இருப்பார்கள். கேட்டால், "ஏட்டி, இது பச்சப்பிள்ள விளையாடுத சாமானம்" என்பார். சட்டைப் பித்தானை நான் போட்டுவிட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் இந்தப் பேச்சு.

ஆகஸ்டில் மகனிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் நாலு பிளாஸ்டிக் தட்டு. சாப்பிடுகிற தட்டு இல்லை. கொஞ்சம் சின்னது, கனம் அதிகம், விளிம்பு மட்டும் தடித்து வெளிப்பக்கம் கூராக இருந்தது. டிஸ்க் கோல்ஃப் என்று பேராம். அந்த ஊரில் காட்டுக்குள்ளே இரும்புக் கூடைகளை நட்டு வைத்து, சங்கிலி தொங்கவிட்டு, அதற்குள் தட்டை எறிந்து விழவைப்பார்களாம். நம் ஊரில் பிழைப்புக்காகக் காட்டுக்குள் போவோம், அவர்கள் தட்டை எறியப் போகிறார்கள். மகனும் அங்கே போய் இதைப் பழகியிருக்கிறான்.

"கூடை ஒண்ணும் வேண்டாம்பா" என்று வீடியோ காலில் சொன்னான். "நம்ம தோட்டத்துல முதல் மரத்துகிட்ட நின்னு, ரெண்டு வரிசைக்கு நடுவுல நேரா எறிங்க. தோளுக்கு இதவிட நல்ல பயிற்சி கெடையாது. எத்தனாவது மரம் வரைக்கும் போவுதுன்னு அம்மா வாராவாரம் வீடியோ எடுத்து அனுப்பணும். எட்டாவது மரத்தத் தொட்டா கை சரியாச்சுன்னு நான் நம்புதேன்."

நல்ல யோசனைதான். பந்தை அமுக்காத மனிதர் தட்டையாவது எறிவாரே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அதற்குள் தோள் கொஞ்சம் அசையவும், விரல் ஒரு சாமானைப் பிடிக்கவும் வந்திருந்தது. முதல் நாள் எறிந்தார். இரண்டாவது மரம் தாண்டியது, மூன்றாவது மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் இடதுபக்கம் சரிந்து, அந்த வரிசை மரத்தில் பால் வடிய வைத்திருந்த சிரட்டையைத் தட்டிவிட்டது. இரண்டாவது தட்டும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. இவர் விழுந்த பிறகு பாதிப் பங்குக்கு மரம் வெட்ட வந்த வெட்டுக்காரர் அங்கே நின்றிருந்தார். "அண்ணே, பாலு ஒக்க தரையில போவுது" என்றார். இவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தட்டு சரியில்ல" என்றார்.

தட்டு சரியில்லையாம். பிரஷ் வழுக்கினது, துண்டு பிழிய வரவில்லை, பந்து பச்சைப்பிள்ளை சாமானம், இப்போது கப்பல் ஏறி வந்த தட்டும் சரியில்லை. அந்த வலது கை ஒன்றுதான் இந்த உலகத்தில் சரியாக இருக்கிறது.

மகனிடம் கேட்டபோது அவன் விளக்கினான். வலது கையால் எறிகிற தட்டு வேகம் குறைந்ததும் இடதுபக்கம் சரியும், அது அதன் குணம். பலமான கை எறிந்தால் அந்தச் சரிவு கடைசியில் வரும், பலமில்லாத கை எறிந்தால் ஆரம்பத்திலேயே வந்துவிடும். "கை பலம் வர வர அதுவே நேராப் போவும்பா. அவசரப்படாண்டாம்." இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை சொல்ல முடியாது. இவர் பெரிய கெட்டிக்காரர் மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டதில் இவருக்கு ஏறியது ஒன்றே ஒன்றுதான். இடதுபக்கம் சரிகிறது தட்டின் குணம். அப்படியானால் குணத்தை மாற்றிவிட்டால் போதும்.

அன்றிலிருந்து போனும் கையுமாக இருந்தார். எங்கெங்கோ வெள்ளைக்காரர்கள் இந்தத் தட்டை வெந்நீரில் போடுகிறார்கள், வளைக்கிறார்கள், உப்புத்தாளால் தேய்க்கிறார்கள், அதை வீடியோவும் எடுத்துப் போடுகிறார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் நம் ஊரில்தான் அதிகம் என்று நினைத்திருந்தேன். அந்த வீடியோக்களிலேயே கடைசியில் சொல்லிவிடுவார்கள், எறிந்து எறிந்து தானாகத் தேய்ந்தால் பரவாயில்லை, போட்டிக்கு வருகிறவர் தட்டை இப்படி வேண்டுமென்றே மாற்றினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று. அந்த இடம் வந்ததும் இவர் விரலால் தள்ளிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்.

முதலில் என் நெல் அவிக்கிற அண்டாவுக்குக் கேடு வந்தது. அதில் வெந்நீர் கொதிக்கவைத்து ஒரு தட்டைப் போட்டார். மேல்பக்கம் கொஞ்சம் குமிழ்ந்து இருந்தால் காற்றில் மிதக்குமாம். வெந்த தட்டை உரித்த தேங்காயின்மேல் கவிழ்த்து, கயிற்றால் கட்டி, ஒரு பகல் முழுக்க வைத்தார். அவிழ்த்தபோது நடுவில் தேங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. எறிந்தால் நாலு எட்டு தூரத்தில் தலைகுப்புற விழுந்தது. "தேங்காய் பெரிசாப் போச்சு" என்றார். பாருங்கள், இப்போது தேங்காயும் சரியில்லை.

அடுத்தது இன்னும் பெரிய கூத்து. தட்டு விரலில் பிடிபடவில்லை, வழுக்குகிறது என்று ஒரு புதுக் குறை கண்டுபிடித்தார். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொள்வார்கள். ரப்பர்காரருக்கு ரப்பரைத் தவிர வேறு மருந்து தெரியுமா? வெட்டுக்காரரிடம் ஒரு சிரட்டைப் பால் வாங்கி, பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் ஆக்க விடுகிற ஆசிட் இரண்டு சொட்டு விட்டு, தட்டின் உள்விளிம்பில் சுற்றிலும் பூசினார். பூசினது காய வேண்டுமே. ஷீட் காய்கிற இடம் எங்கே? புகைப்புரை. ஷீட்டுக்குப் புகைபோடுகிற அந்தக் கொட்டகைக்குள் இரண்டு மூங்கில் கழிமேல் தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டார். இது தெரியாத வெட்டுக்காரர் மறுநாள் பச்சை ஷீட்டுகளை அந்தக் கழிகளில் போடும்போது இரண்டு ஷீட் தட்டின்மேலும் விழுந்திருக்கிறது. நாலு நாள் கழித்து எடுத்தபோது சூட்டில் இளகி நடுவில் தொய்ந்து, ஆப்பச்சட்டி மாதிரி ஆகியிருந்தது. கருப்பட்டி நிறம், புகை நாற்றம். அப்பாவின் தட்டு எப்படி இருக்கிறது என்று மகன் கேட்டால் என்ன சொல்வது?

"இதுலே பால் எடுத்து வைக்கலாம்" என்றேன்.

"நீ சிரி. சிரிக்கத்தானே உனக்குத் தெரியும்."

"கப்பிக் கயிறு அங்கன தொங்குது. அத இழுத்தா நான் சிரிக்கமாட்டேன்."

எழுந்து போனார். நான் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டேன். அது தப்பு. கத்தியை எடுக்கத்தான் போயிருக்கிறார்.

மிச்சம் இருந்த இரண்டு தட்டில் ஒன்று நீலம், ஒன்று ஆரஞ்சு. ஆரஞ்சுத் தட்டை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ரப்பர் வெட்டுக் கத்தியை இடது கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விளிம்பின் மேல்முனையில் கத்தியை வைத்து இழுத்தார். மயிரிழை கனத்தில் ஒரு சுருள் வந்து மடியில் விழுந்தது. தட்டைத் திருப்பினார், இன்னொரு சுருள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பார்க்க அழகாக இருந்தது. கோடு நெளியவில்லை, கத்தி ஒரு இடத்திலும் இறங்கவில்லை. இந்தப் பொறுமையில் நாலில் ஒரு பங்கை அந்தப் பந்துக்குக் கொடுத்திருந்தால் என்ன என்று உடனே ஆத்திரமும் வந்தது.

அந்த வாரம் ஆரஞ்சுத் தட்டு நாலாவது மரம் போயிற்று. விளிம்பின் மேல்முனையைச் சீவச் சீவத் தட்டு வலதுபக்கம் போகப் பார்க்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். கையின் பலவீனம் இடதுபக்கம் இழுக்கும், சீவின விளிம்பு வலதுபக்கம் இழுக்கும், இரண்டும் சேர்ந்தால் நேர்கோடு. கனமும் குறைந்துகொண்டே வந்ததால் தூரமும் கூடியது. மறுவாரம் ஒரு சுற்றுச் சீவினார், ஐந்தாவது மரம். இன்னொரு சுற்று, ஆறாவது. கை அப்படியேதான் இருந்தது. காப்பித் தம்ளரை வலது கையால் தூக்கினால் பாதி மேசையில் சிந்தும். தட்டு மட்டும் வாரத்துக்கு வாரம் தேறிக்கொண்டிருந்தது. காற்றாலை இறக்கையின் விளிம்பை வரைந்து சம்பாதிக்கிற மகனை, தட்டின் விளிம்பைச் சீவி ஏமாற்றப் பார்க்கிற அப்பாவை நீங்கள் எங்காவது கண்டிருக்கிறீர்களா? நான் தினமும் கண்டேன், சோறும் போட்டேன்.

வீடியோ எடுத்தது நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் முதுகுக்குப் பின்னால் நின்று போனைப் பிடிப்பேன். தட்டு போகிறதும் மரத்தின் பக்கத்தில் விழுகிறதும் தெரியும், விளிம்பு தெரியாது. அனுப்பினால் ஐந்து நிமிஷத்தில் மகன் கூப்பிடுவான். "அம்மா, அப்பாக்கு கை எப்பிடி இருக்கு?"

"வீடியோல பாத்தியே மக்கா."

அவ்வளவுதான் என் பதில். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். வார்டில் மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு முழுங்கிவிட்டேன் என்று சொன்ன எத்தனை பேரை நான் வாயால் வறுத்தெடுத்திருக்கிறேன். அந்த வாய்தான் இது.

ஏன் இப்படிச் செய்தேன் என்றால், உண்மையைச் சொன்னால் மகன் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான். அவன் வாழ்க்கையை அம்மா கெடுத்தாள் என்று ஒரு பேச்சு வரும். ஆனால் அவன் வர வேண்டும் என்றுதான் எனக்கு உள்ளூர ஆசை. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. வயசு அறுபதைத் தொடுகிறது, ஒரு ஆளைக் குளிப்பாட்டி, பித்தான் போட்டு, ராத்திரி அவர் புரண்டு படுத்தால்கூட விழித்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. மகன் வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும். அவனே கண்டுபிடித்து அவனே வந்தால் என்மேல் குற்றமில்லை. ஆகவே போனைப் பிடித்துக்கொண்டு, இவருடைய பொய் என்றைக்காவது தானாக உடையும் என்று காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் இவரை ஏளனம் செய்துகொண்டிருந்தேன்.

நவம்பர் மழையில் ஒரு நாள் பெரிய சண்டை வந்தது. ஏழாவது மரம் தாண்டின சந்தோஷத்தில் வந்து உட்கார்ந்தவரிடம், "யாரை ஏமாத்துதீங்க? உங்க கையவா, உங்க மகனையா?" என்று கேட்டுவிட்டேன்.

தலை ஈரத்தை இடது கையால் வழித்துவிட்டார். பிறகு சொன்னார். "நான் விழுந்ததுக்கு அவன் எதுக்குட்டி இங்க வந்து கெடக்கணும்? பந்த அமுக்கினா கை வருமோ வராதோ, ஒனக்கே தெரியாது. தட்டு வந்துரும். எனக்கு அது போரும்."

"அவன் கிறிஸ்மஸுக்கு வருவான்லா. அப்ப?"

"ஒரு வாரந்தானே. தோள் பிடிச்சிருக்குன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிடுவேன். அவன் திரும்ப விமானத்துல ஏறிட்டா போரும்."

வார்டில் இதைவிடக் கெட்டிக்காரப் பொய்யர்களைப் பார்த்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் அவ்வளவு சுடச்சுடச் சொல்ல வேண்டி வந்தது.

டிசம்பர் இரண்டாவது வாரம் ஆரஞ்சுத் தட்டு எட்டாவது மரத்தைத் தொட்டது. மகன் அந்தப் பக்கம் கத்தின கத்தில் போன் அதிர்ந்தது. நன்றாக நம்பிவிட்டான். திரும்பிப் போகிற டிக்கெட்டும் சேர்த்தே எடுத்துவிட்டேன் என்று சொன்னான்.

அவன் வருவதற்கு முந்தின நாள் இவர் ஆரஞ்சுத் தட்டை ஒரு பழைய வேட்டியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். "இத எங்கயாவது தூரக் களஞ்சிரு. அவன் கையில கெடைக்கப்பிடாது. ஓடையில போச்சுன்னு சொல்லிக்கிடுவேன்."

"ஏன், களைய உங்களுக்குக் கையில்லையா?" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாத சொல். அவர் முகம் மாறினதைப் பார்த்தேன். வேட்டிச்சுற்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைப் பிரித்தேன். முன்னறை ஜன்னலில் மற்ற மூன்று தட்டும் அடுக்கியிருந்தன, தேங்காய்ப் புடைப்பும் ஆப்பச்சட்டியும் நீலமும். ஆரஞ்சுத் தட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். கோபத்தில் வைத்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மகன் வந்தான், வீடு நிறைந்தது. மறுநாள் காலை காப்பியைக் குடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போனவன், "இதுதானே அப்பா எட்டாவது மரம்?" என்று ஆரஞ்சுத் தட்டைத் தூக்கிக் காட்டினான். இவர் என்னைப் பார்த்தார். நான் தோசையைத் திருப்பினேன்.

ஆரஞ்சையும் நீலத்தையும் மகன் கையில் எடுத்துக்கொள்ள, மூன்று பேரும் தோட்டத்துக்குப் போனோம். தோள் பிடித்திருக்கிற கதையை ஆரம்பித்தார், அவன் விடவில்லை. "ஒரே ஒரு தடவ, நான் கண்ணால பாக்கணும்." வேறு வழியில்லாமல் முதல் மரத்தின் பக்கம் நின்று எறிந்தார். தட்டு நூல் பிடித்த மாதிரி நடுவில் போய் எட்டாவது மரத்தின் அடியில் விழுந்தது. மகன் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கர்த்தரே, இதோடு போகட்டும் என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. வார்டில்கூட நான் அப்படி ஜெபித்ததில்லை.

அவன் ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்து, "நான் ஒண்ணு எறியுதேன்" என்று அதே இடத்தில் நின்று வீசினான். இருபத்தெட்டு வயசுக் கை. தட்டு சீறிக்கொண்டு போய், மூன்றாவது மரத்துக்குள்ளேயே வலதுபக்கம் மல்லாந்து, தரையில் உருண்டு, பக்கத்து வரிசைக்குள் போய்விட்டது.

"கை தவறிப்போச்சு" என்றான். பார்த்தீர்களா, அவன் தட்டைக் குற்றம் சொல்லவில்லை, தன் கையைத்தான் சொன்னான்.

மறுபடி எறிந்தான், இன்னும் பலமாக. இன்னும் சீக்கிரம் மல்லாந்தது. போய் எடுத்தவன் உடனே திரும்பி வரவில்லை. அங்கேயே நின்று பெருவிரலால் விளிம்பைச் சுற்றிலும் தடவினான். ஒரு சுற்று தடவி முடித்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மெதுவாக நடந்து வந்தான்.

"இதப் பலமா எறிஞ்சா மல்லாந்துரும்" என்றான், யாரையும் பார்க்காமல். "இது நேராப் போவணும்னா கையில..."

முடிக்கவில்லை. கையில் வைத்திருந்த நீலத் தட்டை அப்பாவிடம் நீட்டினான். "இத எறிங்கப்பா."

இவர் வாங்கி எறிந்தார். மூன்றாவது மரம், இடதுபக்கம், சிரட்டை. ஆகஸ்டில் முதல் நாள் விழுந்த அதே இடம்.

மகன் என்னைப் பார்த்துத் திரும்பினான். "அம்மா, வீடியோ நீங்கதானே எடுத்தீங்க. உங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும் மக்கா" என்றேன். இந்தத் தடவை பொய்யை வாயாலேயே சொல்லிவிட்டேன்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் இவர். "நான்தான் செய்தேன். அவகிட்ட ஒண்ணும் கேக்காண்டாம்." சொல்லிவிட்டு, சிரட்டையை நிமிர்த்தி வைக்கக் குனிந்தார். வலது கையை நீட்டி, அது வராமல், இடது கையால் நிமிர்த்தினார்.

கிறிஸ்மஸ் முடிகிறவரை மகன் அதைப் பற்றிப் பேசவில்லை. பிரியாணி சாப்பிட்டான், சர்ச்சுக்கு வந்தான், அப்பாவுக்குப் பித்தான் போட்டுவிட்டான். இரண்டு நாள் கழித்து, கம்பெனியில் பேச வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். என்ன பேசப்போகிறான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மேலே அவன் நடக்கிற சத்தம் கேட்டது, பேச்சு கேட்கவில்லை.

"அந்தத் தட்ட மேல வச்சது நீதானே?" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் தலையை நிமிர்த்தவில்லை.

"அவன் வரணும்னு ஒனக்கு ஆசையா இருந்தா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி" என்றார். "நீ தளந்துபோனது எனக்குத் தெரியாதா? நீ சொல்லியிருந்தா நான் தட்டச் சீவாம மூணாவது மரத்தையே காட்டியிருப்பேன். அவன அன்னைக்கே கூப்பிட்டிருக்கலாம். இம்புட்டுப் பாடு எனக்கு வேண்டாம்."

  ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

மகன் படியிறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது. "சொல்லியாச்சும்மா. இனி இங்கதான்" என்று சிரிக்கப் பார்த்தான். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்களுக்குச் சந்தோஷம்தானேம்மா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். அந்த ஆறு மாதத்தில் நான் அவனிடம் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை.